கண்டுகொள்ளாமல் விட்ட அழுகை

அந்த வீட்டில் முதலாளி என்றால் ஏழு வயதுப் பெண் குழந்தைதான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். கை முழுக்கக் கிரீஸ் வாடையோடு வீட்டுக்குள் நுழைந்ததும், "முதலாளியம்மா, வேலைக்காரன் வந்துட்டேன்" என்பார். முதலாளியம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மின்விசிறியின் நிழல் சுவரில் சுற்றுவதைப் பார்ப்பதில் அவ்வளவு மும்முரம்.

அவளுக்கு ஆட்டிசம். பேச்சு வரவில்லை. இது யார் குற்றமும் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். சொந்தக்காரர்களோ டாக்டர்களுக்கே டாக்டர்கள். தாய் வேலைக்குப் போனதால் வந்தது என்றார் ஒருவர், தகப்பன் கொடுத்த செல்லத்தால் வந்தது என்றார் இன்னொருவர். வாய் இருக்கிறது, பேசிவிட்டுப் போகட்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் விட்டுவிட்டார்கள்.

நடத்தைப் பயிற்சி மையத்தில் சேர்த்த பிறகுதான் வீட்டுக்குள் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அங்கிருந்த டீச்சர் மாயமந்திரம் ஒன்றும் செய்யவில்லை. தண்ணீருக்காக அவள் அலறும்போதெல்லாம், தம்ளர் படம் போட்ட அட்டையை அவள் கையாலேயே எடுத்துக் கொடுக்க வைத்தார். கொடுத்த உடனே தண்ணீர். சலிக்காமல் இதையே செய்தார். ஒருநாள் வீட்டில் அவளாகவே அட்டையைக் கொண்டுவந்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "அப்புறமா அழுதுக்கலாம், முதல்ல தண்ணியக் குடுங்க" என்று மனைவி விரட்ட வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அவருக்குப் பயிற்சிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. டீச்சர் ஒரு சாண் சொன்னால் இவர் ஒரு முழம் செய்தார். சந்தோஷம் வந்தால் குழந்தை கைகளை உதறுவாள். "அது யாருக்கும் கெடுதல் இல்லையே, விட்டுடுங்க" என்று டீச்சரே சொன்னார். இவர் கேட்கவில்லை. பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பது டீச்சரையா, இவரைத்தானே? கைகளை மடியில் வைத்து உட்கார வைத்துப் பழக்கினார்.

அப்படியிருக்கும்போதுதான் குழந்தை புதிதாக ஒன்று செய்ய ஆரம்பித்தாள். சாயங்காலமானால் தலையின் ஒரு பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு அலறுவாள். அந்த வாரம் மையத்துக்கு அவர் மட்டும்தான் போனார். டீச்சர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "அடிச்சுக்கிட்டா உடனே எல்லாரும் ஓடி வர்றீங்க இல்லையா, அதுக்காகவும் இருக்கலாம். அப்படின்னா கண்டுக்காம விட்டுப் பார்க்கலாம். ஆனா முதல்ல டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வலி இருக்கான்னு தெரியாம நாம எதுவும் செய்யக் கூடாது."

டாக்டர் என்றதுமே அவர் பயந்தார். போன தடவை ஆஸ்பத்திரியில் நாலு பேர் சேர்ந்து அவளை அமுக்கிப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் வீட்டுக் கதவைத் திறந்தாலே மேஜைக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். திரும்பவும் அந்தக் கொடுமையா? காய்ச்சல் இல்லை, சளி இல்லை, சாப்பாடு இறங்குகிறது, அடமாகத்தான் இருக்கும் என்று அவரே முடிவு கட்டினார். வீட்டுக்கு வந்து, "கண்டுக்காம விடச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னார். மீதியை முழுங்கிவிட்டார்.

சட்டம் அமலுக்கு வந்தது. குழந்தை அலறினால் யாரும் திரும்பக் கூடாது. அலறல் அடங்கி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தால் மட்டும் இருவரும் ஓடிப்போய்க் கொஞ்ச வேண்டும்.

"இது அடம் மாதிரி தெரியலைங்க" என்றாள் மனைவி.

"நீ இளகுனா எல்லாம் போச்சு. டீச்சருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

அவள் சமையலறைக்குள் போனாள்.

பிறகு ஒருநாள் அலறல் நின்றது. மறுநாளும் இல்லை. "பாத்தியா?" என்று அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். லிஃப்டில் வழக்கமில்லாத சத்தம் கேட்டால், மூடியைக் கழற்றி உள்ளே பார்க்காமல் வீடு திரும்பாத ஆள் இவர். பெற்ற மகள் விஷயத்தில் மட்டும், சத்தம் நின்றால் சரியாகிவிட்டது என்று நம்பினார். அறிவு இருக்கிற இடத்தில் பயமும் வந்து உட்கார்ந்துகொண்டால் இப்படித்தான் ஆகிறது.

குழந்தையின் தலையணை உறையைத் துவைக்க எடுத்த மனைவிதான் பார்த்தாள். மஞ்சளாய்ச் சீழ், நடுவில் ரத்தம்.

காது டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, செவிப்பறை ஓட்டையாகியிருக்கிறது என்றார். "உள்ளே சீழ் கட்டி, ரொம்ப நாளா வலிச்சிருக்கும். பறை கிழிஞ்சதும் வலி குறைஞ்சிடும். அதான் அழுகை நின்னிருக்கு. இந்தக் காதுல கேட்கிறது எவ்வளவு மிஞ்சும்னு இப்ப சொல்ல முடியாது." பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்ச் சீழைத் துடைக்க வேண்டும், வெளியே காத்திருங்கள் என்றார்.

நடைபாதையில் மனைவி கொதித்தாள். "இங்கேர்ந்து நேரா அந்த டீச்சர்கிட்டத்தான் போறேன். என் பிள்ளைய வலியில துடிக்க விடச் சொன்னவள நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்."

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். பழி டீச்சர் தலையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

"டீச்சர் முதல்ல டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாங்க. நான்தான் சொல்லல."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

"நான் சமையலறையில காதைப் பொத்திக்கிட்டு நின்னேங்க" என்றாள் மெதுவாக. "அவ காது வலிக்குதுன்னு அடிச்சுக்கிட்டா. நான் என் காதைப் பொத்திக்கிட்டு நின்னேன்."

அவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

நர்ஸ் வந்து கூப்பிட்டார். குழந்தையை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துச் சட்டைக் கையை மடித்துக்கொண்டே அவர் உள்ளே போனார். பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தை உயரமான நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். டாக்டர் மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவள் உதடு நடுங்கியது. கண்ணீர் தாடையில் வந்து சொட்டியது. சத்தம் மட்டும் இல்லை. இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"பெரியவங்களே துள்ளுவாங்க" என்றார் டாக்டர். "இவ்வளவு சமத்தா உட்கார யாரு பழக்குனது?"

அவர் நாற்காலிக்கு எதிரே மண்டி போட்டார். "கத்துடா கண்ணு. வலிச்சா கத்து. அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மடியிலிருந்த கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.