வேண்டுமென்றே தப்பாக எழுதிய வினைச்சொல்

அறுபதுகளின் கடைசியில் பொம்மிடி ரயில் நிலையத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. பைபிளை மூலமொழியில் படிக்கலாமே என்று தபால் வழியில் கிரேக்கம் கற்கச் சேர்ந்தேன். முகம் தெரியாத ஓர் ஆசிரியர் என் விடைத்தாளைச் சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் இரண்டு வரி எழுதி அனுப்புவார். எனக்கு வந்த கடிதம் அது ஒன்றுதான்.

'மேனோ' என்ற வினையை அப்படித்தான் கற்றேன். 'தங்கியிருக்கிறேன்' என்று பொருள். தமிழைப் போலவே 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டாம். வினையின் கடைசியிலேயே ஆள் ஒட்டிக்கொண்டிருப்பார்.

கடைசிப் பாடம் வந்ததும் பயந்துவிட்டேன். தேர்ச்சி பெற்றால் கடிதம் நின்றுவிடும். அதனால் மேனோவின் விகுதிகளை வேண்டுமென்றே மாற்றி எழுதினேன். தாள் திருத்தத்தோடு திரும்பி வந்தது. மறுபடியும் தப்பாகவே எழுதி அனுப்பினேன். இப்படி நான்கு முறை.

"இன்னமும் பாஸாவலீங்களா சார்?" என்று தபால்காரர் சிரித்தார்.

"இந்தப் பாடம் மட்டும் வரவே மாட்டேங்குதுங்க" என்றேன்.

ஐந்தாம் முறை வந்த தாளில் சிவப்பு மையே இல்லை. அடியில் நீல மையில் எழுதியிருந்தார்: "முதல் மாதமே இதைப் பிழையில்லாமல் எழுதியவர் நீங்கள். கடிதம் வேண்டுமென்றால் சும்மாவே எழுதுங்கள். நானும் தனியாகத்தான் இருக்கிறேன்."

கூசிப்போனேன். ஆனாலும் பதில் எழுத உட்கார்ந்தேன். 'நலமா?' என்பதற்கு மேல் கை ஓடவில்லை. வெகுநேரம் கழித்து என் மனைவியின் பெயரை எழுதினேன். அதன் பிறகு நான்கு பக்கம் நிற்கவே இல்லை.