நன்னாரி வேரடியில் ஒரு பேர்

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். காய்கறிக் கடையில் தராசுத் தட்டின் அடியை எட்டிப் பார்ப்பேன். பெட்ரோல் பங்கில் பூஜ்ஜியத்தை இரண்டு தரம் காட்டச் சொல்வேன். கல்யாணப் பந்தியில் பாயசத்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன் என்று என் கணவர் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். அப்படி மோந்து பார்த்ததால்தான் ஒரு தடவை கெட்டுப்போன பாயசத்திலிருந்து அவரும் தப்பித்தார். அதை மட்டும் சொல்ல மாட்டார்.

இந்தக் குணத்துக்குத் தோதான வேலையும் அமைந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் எங்கள் டிசைன் ஆபீஸ். ஓவியர்கள் கையால் வரைந்து தரும் படத்தை ஸ்கேன் செய்து, தூசி தும்பு, கறை எல்லாம் அழித்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் கம்ப்யூட்டரில் புதிதாகக் கோடு இழுப்பேன். அப்படி இழுத்தால்தான் அதே படத்தைச் சின்ன மூடியில் அடித்தாலும், லாரியின் பக்கவாட்டில் அடித்தாலும் ஓரம் பிசிறாது. சோடா, ஜூஸ், ரோஸ்மில்க் என்று என் விரல் வழியாகப் போன லேபிள்களைக் கடைகளில் பார்த்தால் கொஞ்சம் பீற்றிக்கொள்வதும் உண்டு.

ஒரு கோடைக்கு முன்னால் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து சர்பத் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். நன்னாரி சர்பத்துக்குப் புது லேபிள் வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை.

"படம் மனுசங்க கையில வரைஞ்சதா இருக்கோணுமுங்க அம்மணி. போன தடவை ஒருத்தரு கம்ப்யூட்டர்கிட்டச் சொல்லி வரைய வெச்சுக் குடுத்துப்போட்டாரு. நன்னாரிக் கொடியில ரோஜாப்பூ பூத்திருக்குது. கடைக்காரங்க எல்லாரும் சிரிக்கறாங்க."

'கையால் வரைந்தது' என்று லேபிளிலேயே போட வேண்டும், வரைந்தவர் பேரும் வர வேண்டும் என்றார். ஓவியரையும் அவரே பிடித்துவைத்திருந்தார். அவருக்கு வேர் கொண்டுவந்து தருகிறவர்களுக்குத் தெரிந்த, சத்தியமங்கலத்துப் பெண்.

அந்தப் பெண் ஒரு திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறி வந்தார். என் வயதுதான் இருக்கும். படங்களை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். மெலிந்த நன்னாரித் தண்டு, ஜோடி ஜோடியாக நீள இலைகள், இலை நடுவே வெளிறிய கோடு, கீழே பின்னிக் கிடக்கும் வேர். கறுப்பு மையில் அத்தனை சுத்தம். வேரின் கடைசி வளைவுக்குள் பொடி எழுத்தில் அவர் பேர் இருந்தது.

படங்களைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டு எழுதித் தருகிறேன் என்றேன். "உங்ககிட்ட எதுக்குங்க சீட்டு?" என்று சிரித்தார். நானாக இருந்தால் பத்து சீட்டு வாங்கியிருப்பேன்.

அந்த நேரத்தில் என் திரையில் வேறொரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஜூஸ் பாட்டில் ஒன்றின் இடது பாதியை வரைந்து, அதையே நகலெடுத்துத் திருப்பிப் போட்டு வலது பாதியாக ஒட்டினேன். அவர் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க, என்ற பேரு பாட்டில்ல வருமுங்களா?"

"கண்டிப்பா வருமுங்க."

"இத்தனை வருசமா நான் போட்டதெல்லாம் அடுத்தவங்க முதுகுலதானுங்க இருக்குது. ஒண்ணுலயும் என்ற பேரு கிடையாது. ஊட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன், இதுல வருமுன்னு."

முதுகு என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. கலைஞர்கள் கொஞ்சம் ஒருமாதிரிதான் பேசுவார்கள் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஸ்கேன் செய்ததிலிருந்தே எரிச்சல். படம் முழுக்க மங்கலான சாம்பல் புள்ளிகள். ஸ்கேனர் கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தேன், போகவில்லை. மட்டமான காகிதம் என்று திட்டிக்கொண்டே, திரையில் பெரிதாக்கி வைத்து ஒவ்வொரு புள்ளியாக அழித்தேன். தூசி அழிப்பதில் என்னை மிஞ்ச ஆபீஸில் ஆள் இல்லை.

மூன்றாம் நாள் இலைகளின் மேல் கோடு இழுக்கும்போது கை நின்றது. ஏற்கெனவே இழுத்திருந்த ஒரு இலையை நகர்த்தி அடுத்த இலை மேல் சும்மா வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. திருப்பிப் போட்டு எதிர் இலை மேல் வைத்தேன். அதுவும் பொருந்தியது. பதினாறு இலையில் மூன்றே மூன்று வடிவம்தான்; மற்றவை அவற்றின் நகலும் திருப்பலும். கையால் வரைகிற மனுஷிக்கு இரண்டு இலை ஒன்றுபோல வருமா? எனக்கு என் கையெழுத்தே வங்கியில் இரண்டு தரம் ஒத்துவராது.

விரலைத் தண்ணீரில் நனைத்துப் படத்தின் ஒரு மூலையில் தேய்த்தேன். மை கரைந்தது, அச்சு இல்லை. அத்தோடு விட்டிருக்கலாம். சந்தேகம் விடுமா? கம்ப்யூட்டரில் எடுத்து, மங்கலாக அச்சடித்து, அதன்மேல் மை ஓட்டியிருக்கிறார் என்று அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். எலி சும்மா அம்மணமாக ஓடாது, வந்ததும் வராததுமாகப் பேரைப் பற்றிக் கேட்டதும் இதற்குத்தான் என்று தோன்றியது. துப்பறிந்துவிட்ட சந்தோஷத்தில் அன்று மத்தியானச் சாப்பாடு ருசியாகக்கூட இருந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவருக்குப் போன் செய்தேன். "இலையெல்லாம் ஒரே அச்சா இருக்குதுங்களே?"

"ஆமாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணாட்ட வரோணுமில்லீங்க, அதுக்கு நாங்க அப்புடித்தான் போடுவோமுங்க."

நாங்க என்றால் யார்? நான் அதைக்கூடக் கேட்கவில்லை. திருடன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டான் என்று போனை வைத்தேன்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டார். ஒருமுறை சூடுபட்டவருக்கு, இலை மேல் இலை பொருந்துவதைத் திரையில் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. வெயில் ஆரம்பித்துவிட்டது, புதுப்படம் வரைய நேரமில்லை. படம் இருக்கட்டும், 'கையால் வரைந்தது' என்ற வரியும் அந்தப் பேரும் போகட்டும் என்றார். வேரின் வளைவுக்குள் இருந்த பேரை நான்தான் எடுத்தேன். ஒரு சொடுக்குதான். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய வேலையும் என் தலையில் விழுந்தது. போன் செய்து, பேர் வராது, படத்தில் சந்தேகம் இருக்கிறது என்றேன்.

"சரிங்க. வேலை முடிஞ்சா படத்தைத் திருப்பிக் குடுத்துருங்க," என்றார்.

பாட்டில்கள் கடைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். கணவர் வழியில் ஒரு கல்யாணம். பட்டு ஜாக்கெட்டில் ஆரி எம்பிராய்டரி போடக் கொடுக்க ஒரு கடைக்குப் போனேன். துணியை மாற்றிவிட்டால்? டிசைன் ஏற்றி முடிக்கும்வரை நகர மாட்டேன் என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அந்தக் கடைக்கார அம்மா எண்ணெய்த்தாள் போன்ற ஒரு தாளை எடுத்தார். அதில் மாங்காய், கொடி, இலை எல்லாம் ஊசியால் குத்திய ஓட்டைகள். துணிமேல் விரித்து, பொடி தோய்ந்த பஞ்சால் தேய்த்தார். தாளைத் தூக்கியதும் முதுகுப்பக்கத்தின் இடது பாதியில் புள்ளி புள்ளியாக ஒரு கொடி. தாளைத் திருப்பிப் போட்டு மறுபடி தேய்த்தார். வலது பாதியில் அதே கொடி, எதிர்த் திசையில்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணாட்ட வரோணுமில்லீங்க கண்ணு," என்றார் அந்த அம்மா, நான் வாயைப் பிளந்து பார்ப்பதைக் கண்டு. "முதல்ல ஒண்ணைக் கையில வரைஞ்சு, குத்தி வெச்சுக்குவோம். துணிக்கு வெள்ளைப் பொடி. காயிதத்துல போடறதுன்னா கரிப்பொடி."

அந்தப் பெண் 'அடுத்தவங்க முதுகு' என்றது இந்த ஜாக்கெட் முதுகைத்தான். ஜாக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடினேன். துடைக்காத முதல் ஸ்கேன் கணினியில் இருந்தது. இந்த முறை பெரிதாக்காமல் தள்ளி நின்று பார்த்தேன். சாம்பல் புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை. இலை ஓரமாகவே, வரிசையாக, ஊசி போன வழியிலேயே போயிருந்தன. நான் தூசி என்று அழித்ததுதான் அவர் கை.

முதலாளியிடமும் கம்பெனிக்காரரிடமும் என் தப்பைச் சொன்னேன். "அடடா, பாவமுங்க," என்ற கம்பெனிக்காரர், அடுத்த தடவை அச்சடிக்கும்போது பேரைப் போட்டுவிடலாம் என்றார். நான் அன்றைக்கே அந்தப் பேரை வேரின் வளைவுக்குள் திரும்ப வைத்தேன்.

அந்தப் பெண் படங்களைத் திரும்ப வாங்கிப்போக வந்தார். பனைமரத்தடியில் பால் குடித்தவரைக் கள் குடித்ததாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும்.

"இப்புடித்தான் போடறோமுன்னு நீங்க அன்னிக்கே விளக்கமாச் சொல்லியிருக்கலாமுங்களே?"

"நீங்களும் ஒரு பாதியை வரைஞ்சு திருப்பிப் போட்டதை நான் பாத்தனுங்க. ரெண்டு பேரு வேலையும் ஒண்ணுதான்னு நெனச்சுப்போட்டேன். உங்களுக்கு எதுக்கு விளக்கோணும்?"

திரையில் அவர் பேரைக் காட்டினேன்.

"வேண்டாமுங்க. எங்க ஊர்க் கடையிலயும் பாட்டில் வந்துருச்சு. எல்லாரும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, எங்கடி உன்ற பேருன்னு கேட்டாச்சு. இனி வந்தா, கெஞ்சி வாங்குனதுன்னுதான் சொல்லுவாங்க."

நான் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கையை நீட்டினார், படங்களைக் கொடுத்தேன்.

வாங்கியவர் உடனே பைக்குள் வைக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய், ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இலையோரத்தில் கரிப்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்தார். நகலெடுத்துக் கொடுத்துவிட்டேனோ என்று. சீட்டு எதற்கு என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனவர், கடைசித் தாள்வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.