ஒரு சிப்பும் இரண்டு டிரைவரும்

கம்ப்யூட்டர் ஃபேன் காரணமில்லாமல் அலறினால் எனக்குச் சோறு இறங்காது. ஏன் என்று தெரிந்தாக வேண்டும். அப்படி ஒரு பிறவி நான்.

அந்த வாரம் அது அலறியது தப்பான நேரத்தில். ஆடியோ புத்தகம் வாசிக்கும் வேலைக்கு மாதிரிப் பதிவு கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். அந்த வேலை நிலைத்துவிட்டால் மச்சான் சவுதியை முடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். மச்சான் என்றால் என் வீட்டுக்காரர். எங்கள் கடற்கரைப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

புதுக்கோட்டை வாடகை வீட்டில் ஜன்னலையெல்லாம் சாத்தி, பீரோவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே மைக்கை வைத்து வாசித்தேன். போட்டுக் கேட்டால் என் குரலுக்குப் பின்னால் மாவு மில் ஓடுகிறது. ஃபேனைக் கழற்றிப் பார்த்தேன். தூசி ஒன்றும் பெரிதாக இல்லை.

சூட்டைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தேன். 41 டிகிரி. அடுத்த நொடி 127. மறுபடி 42. வெளியே தூறல், ஜன்னல் கம்பி ஜில்லென்று இருக்கிறது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. மச்சான் அந்த வாரம் போன் பண்ணும்போதெல்லாம் "அங்கிட்டு வெயில் கடுமையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "மழை மச்சான்" என்றால் நம்பாத மாதிரி ஒரு "ம்" வரும்.

என் கம்ப்யூட்டரை இயக்குவது லினக்ஸ். அது துவங்கும்போது ஓடும் வரிகளைப் பொறுமையாகப் படித்தேன். சூட்டை அளக்கும் சிப்பை ஏற்கெனவே மதர்போர்டு பிடித்து வைத்திருக்கிறது, இன்னொரு டிரைவரும், அதாவது சிப்போடு பேசும் புரோகிராமும், அதையே கேட்கிறது என்று ஒரு வரி எச்சரித்தது. வழக்கமாக லினக்ஸ் இரண்டாவது ஆளை வாசலிலேயே நிறுத்திவிடும். இங்கே 'பரவாயில்லை, உள்ளே விடு' என்று துவக்க அமைப்பில் யாரோ எழுதியிருந்தார்கள். நான் எழுதவில்லை.

அந்தச் சிப் எண்களைத் தனித்தனி அறைகளில் வைத்திருக்கும். முதலில் எந்த அறை என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் அதில் உள்ள எண்ணை வாங்க வேண்டும். போர்டு அறையைச் சொல்லிவிட்டு எண்ணை வாங்குவதற்குள் புது டிரைவர் வேறு அறையைச் சொல்லிவிடுகிறது. ரேஷன் கடையில் நாம் அரிசிக்குப் பையை விரிக்கும்போது பின்னால் நிற்பவர் "சர்க்கரை" என்று கத்தினால் பையில் என்ன விழும்? விழுந்ததைச் சூடு என்று நம்பிய போர்டு, பயந்துபோய் ஃபேனை முழு வேகத்தில் ஓட்டியிருக்கிறது. புரிந்ததும் எனக்கு நானே கைதட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சரி, அந்த இரண்டாவது டிரைவரைப் போட்டது யார்? என் பாஸ்வேர்டு தெரிந்தவர் ஒருவர்தான். எங்கள் பக்கத்து ஆண்கள் வளைகுடாவில் இருந்துகொண்டே வீட்டை நடத்துவார்கள். மோட்டார் போட்டாயா, சிலிண்டர் புக் பண்ணினாயா என்று எல்லாம் அங்கிருந்தே விசாரணை. மச்சான் இன்னும் ஒரு படி மேலே. வெள்ளிக்கிழமை லீவில் ஜும்மா தொழுகை முடிந்ததும் ரூமில் உட்கார்ந்து நெட் வழியாக என் கம்ப்யூட்டருக்குள்ளேயே வந்துவிடுவார்.

போன் போட்டேன்.

"சென்சார் டிரைவர் நீங்க போட்டீங்களா மச்சான்?"

"போன வெள்ளிக்கெழம போட்டேன் புள்ள. ஏன், கெட்டுப்போச்சா?"

"எதுக்குப் போட்டீங்க?"

கொஞ்சம் இழுத்தார். "அதப் போட்டா ஒன் கம்ப்யூட்டரு சூடு இங்கன என் செல்லுலயே தெரியும்ல. ஏறுனா நீ வேலை பாக்குற. எறங்குனா தூங்கப் போயிட்ட. நூத்தி இருபத்தேழு காட்டவும் பயந்துட்டேன்."

திட்டத்தான் கூப்பிட்டேன். கோபம் வரவில்லை. "என்னையக் கேக்கலாம்ல?"

"ஒன்னையக் கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்லுவ. மெஷினு பொய் சொல்லாதுல்ல."

சிரித்துவிட்டேன். வாரம் பூராவும் அது பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தது என்று விளக்கினேன். அவரே உள்ளே வந்து டிரைவரை எடுத்தார், 'உள்ளே விடு' என்ற வரியையும் அழித்தார். கம்ப்யூட்டரை மறுபடி துவக்கியதும் ஃபேன் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. சுவர்க் கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது. அதையும் கழற்றி வைத்துவிட்டு வாசித்தேன், நேரத்துக்குள் அனுப்பினேன்.

அனுப்பிவிட்டதைச் சொல்ல மறுபடி கூப்பிட்டேன். சந்தோஷப்பட்டார். பிறகு, "இப்ப செல்லுல ஒண்ணுமே தெரியல புள்ள. எப்படி இருக்க?" என்றார்.

நல்லாருக்கேன் என்று வாய்வரைக்கும் வந்தது.

"நல்லா இல்ல மச்சான்," என்றேன். "இந்த வேலை கெடச்சாலும் கெடைக்காட்டியும் வந்துருங்க."