வெட்டாத பக்கமும் பத்து வீட்டு ரயிலும்

சனிக்கிழமை, காலை 8.40. பேராதனைச் சந்தி.

பதுளை ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. மடியில் பிஸ்கட் டின், டின்னுக்குள் துவாய், துவாய்க்குள் புத்தகம். எதிரே கோழிக்கூடையோடு இருந்த அம்மா விசாரித்தார்.

"பச்சப்புள்ளயாட்டம் புடிச்சிருக்கீங்களே, உள்ள என்னங்க?"

"புத்தகங்க."

"அதுக்கா இம்புட்டு?" என்று சொல்லிவிட்டுத் தன் கோழியை மேலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என்னைத் திருடன் என்று நினைத்தாரா, கோளாறு என்று நினைத்தாரா தெரியவில்லை.

கோளாறுதான். சிறிய ரயில் எஞ்சின்களைக் கையாலேயே செய்து பேரெடுத்த சீமை வித்தகர்களைப் பற்றிய புத்தகம் அது. இரண்டு பாகம், கொஞ்சமாக அச்சடித்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் அத்தியாயம், கூடவே மடித்து வைத்த வரைபடம். கண்டியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எனக்கு எஞ்சின் செய்யும் ஆசையும் இருந்தது. இதுவரை செய்தது ஒன்று. அது மேசைமேல் ஒன்றரை அடி ஓடி, மனைவியின் குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. அன்றிலிருந்து செய்வதை விட்டுச் சேகரிப்பில் இறங்கினேன்.

முதல் பாகம் என்னிடம் பதினோரு வருடமாக இருக்கிறது. தாள்கள் வெட்டப்படாத பிரதி. பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, அப்படியே தைத்துவிடுவார்கள். வாங்கியவர்தான் மடிப்பின் ஓரத்தைக் கத்தியால் பிரித்துப் படிக்கவேண்டும். பிரிக்காமல் இருந்தால் சேகரிப்பவர்களிடம் இரட்டை மதிப்பு. ஆகவே நான் பிரிக்கவில்லை. ஆகவே பாதிப் பக்கங்களைப் படித்ததும் இல்லை. கேட்பவர்களிடம் "அபாரமான புத்தகம்" என்று மட்டும் சொல்வேன்.

இரண்டாம் பாகம் பதுளைப் பக்கம் இருப்பதாக, அங்கே பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஹனீபா நானா கடிதம் போட்டிருந்தார். அதைக் கையோடு கொண்டுவந்து ஜோடி சேர்ப்பதுதான் பயணத்தின் நோக்கம். பச்சை அட்டை பொருந்துகிறதா என்று பார்க்கவே என் பாகத்தையும் எடுத்துப் போனேன்.

பிற்பகல் 4.10. தெமோதரை.

ரயில் நிலையத்தில் நின்ற வண்டி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. நான் இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் ஓடியதில் இரண்டு பேரின் காலை மிதித்தேன். நாற்பத்தேழு வயது ஆளுக்கு அழகில்லைதான். ஆனால் யாராவது அந்தச் சுரங்கத்துக்குள் போகும்போது உட்கார்ந்திருப்பார்களா?

மாலை 5.30. பதுளை, கடைவீதி.

பேராதனையிலிருந்து நூற்றுப்பத்து மைல். நானா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"தோட்டத்துத் தொர சீமைக்குப் போகக்குள்ள பங்களாச் சாமான நாந்தான் எடுத்தேன் தம்பி. பொஸ்தகத்த தேயில ஃபெக்டரி பிட்டர் கருப்பையா கேட்டான். ஓடாத தையல் மெசின செஞ்சு குடுத்தான், நான் பொஸ்தகத்தக் குடுத்தேன். நாளைக்கு ஞாயித்துக்கெழம, வீட்டுல இருப்பான். ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கான்."

காத்திருக்கிறார் என்ற சொல்லே எனக்கு வெற்றியாகப் பட்டது.

ஞாயிறு, காலை 9.30.

பசறைக்குப் பஸ், பன்னிரண்டு மைல், ஒரு ரூபா இருபது சதம். அங்கிருந்து மேட்டில் இரண்டு மைல் நடை. தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். ஃபெக்டரிப் பித்தளைத் துண்டுகள் எங்கே போகின்றன என்று நிர்வாகம் தேடிக்கொண்டிருக்கலாம்.

பத்து வீட்டு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். எல்லா வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டு ஒரே நீளமான இஸ்தோப்புத் திண்ணை. தரையில் நான் கண்டதை நம்ப ஒரு நிமிடம் ஆனது. தேயிலைப் பெட்டிக்கு அடிக்கும் தகரப்பட்டையை நிமிர்த்தி நிறுத்தி, முதல் வீட்டிலிருந்து பத்தாம் வீடுவரை தண்டவாளம்! கடைசி வாசலில், முழ நீளப் பித்தளை எஞ்சின் ஒன்று புகைபோக்கியோடு நின்றது.

கருப்பையா கையைத் துடைத்தபடி எழுந்து வந்தார். கண் என் முகத்தில் இல்லை, டின்னில் இருந்தது.

"வாங்க சார். மொதப் பாகத்தக் கொண்டாந்துட்டீங்களா?"

"ஆமாங்க. உங்க ரெண்டாம் பாகத்த வாங்கிட்டுப் போகத்தான்..."

"என்னோடதயா? நீங்க ஒங்களோடதக் குடுக்க வர்றீங்கன்னுல்ல நானா சொன்னாரு!"

பதுளையில் நானா அந்நேரம் இன்னொரு வெற்றிலை போட்டிருப்பார்.

அவர் மனைவி சரசு தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "ஒம்போது மாசமா இந்த எஞ்சினு நாலு வெரக்கட போகுது, நிக்கிது. நாலு வெரக்கட போகுது, நிக்கிது. எங்க லயத்துல பொண்டாட்டிய அடிக்கிறவனக்கூட சும்மா விடுவாங்க, இவரப் பாத்தா சிரிக்கிறாங்க."

"இன்னைக்கி ஓடும்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்" என்றார் கருப்பையா மெதுவாக. பத்து வாசலிலும் ஆட்கள் நிற்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அவருடைய பாகத்தைக் காட்டினார். நான் என் டின்னை இறுக்கிக்கொண்டேன். அட்டை முழுக்க எண்ணெய், பக்கங்களில் பெருவிரல் ரேகை, வரைபடம் சோற்றுப் பசையில் சுவரோடு ஒட்டியிருந்தது. அதன் மூலையைத் தொட்டுக் காட்டினார். சக்கர அச்சில் மாட்டும் சிறு வட்டத் தகடு. நீராவி எப்போது உள்ளே போகவேண்டும் என்று அதுதான் தீர்மானிக்கும். அதை எந்தக் கோணத்தில் முடுக்குவது என்பதற்கு, முதல் பாகம், நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம் பார்க்கவும் என்று போட்டிருந்தது.

"அந்தப் பக்கத்துல என்ன சார் இருக்கு?"

நான் தேத்தண்ணீரை மிக நிதானமாகக் குடித்தேன். "அது... வெட்டாத பக்கம்."

டின்னைத் திறந்து காட்டினேன். பதினோரு வருடமாக இப்படித்தான், வெட்டினால் விலை பாதி என்றும் சொன்னேன். மூடிய மடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"பதினோரு வருசமா வச்சிருக்கீங்க, தொறந்து பாக்கலியா?"

"தாலி கட்டிட்டு பொண்ணு மொகத்த பாக்காமப் போன மாப்பிள்ளயாட்டம்" என்றார் சரசு. மூன்றாம் வாசல்வரை சிரிப்புக் கேட்டது.

கருப்பையா சிரிக்கவில்லை. மடிப்பைக் குழாய்போல வளைத்து, வெளிச்சத்துக்குத் தூக்கி, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். "தகடு தெரியுது சார். கோடும் தெரியுது. நம்பருதான் அந்தப் பக்கம் மடிஞ்சிருக்கு." புத்தகத்தைக் கசங்காமல் துவாயில் வைத்துத் திருப்பித் தந்தார். "விடுங்க. வெல கொறையும்னா வேணாம்."

கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன். அந்த மனிதர் துவாயின் நுனியைக்கூடச் சரியாக மடித்துவிட்டார்.

"ஏம்மா, கத்தி இருக்கா?" என்றேன்.

சரசு கவ்வாத்துக் கத்தியை எடுத்துவந்தார். தேயிலைச் செடியின் தலையையே சீவும் வளைந்த கத்தி. கருப்பையா அதைத் தீட்டி, இடுப்புச் சாரத்தில் துடைத்து, "நீங்களே வெட்டுங்க" என்றார். சர்ரென்று ஒரே இழுப்பு. உள்ளே மை நேற்றுக் காய்ந்ததுபோல் கறுப்பாகப் படம் இருந்தது.

அவர் எண்ணைப் பார்த்தார். வாய் திறந்தது. "அட, நான் எதுத்த பக்கமால்ல முடுக்கியிருக்கேன்!"

ஒரு திருகாணி, ஒரு திருப்பு, மறுபடி முடுக்கு. ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். தண்ணீர் கொதிக்க இருபது நிமிடம் ஆனது. எஞ்சின் நாலு விரற்கடை நகர்ந்தது. ஐந்து. ஆறு. ஒன்பதாம் வாசலைத் தாண்டியது. எட்டாம் வாசலில் ஆட்டுக்கல்லை இழுத்து வழிவிட்டார்கள். ஐந்தில் கோழி பறந்தது. நான் பக்கத்திலேயே குனிந்தபடி ஓடினேன். முதல் வாசலில் கருப்பையா அதைக் கையில் தூக்கி, சூடு பொறுக்காமல் என் கையில் போட்டார். நானும் பொறுக்காமல் சரசு நீட்டிய துணியில் போட்டேன். இருவர் விரலிலும் கொப்புளம்.

மாலை 4.00.

"இப்போ ரெண்டாம் பாகத்த எனக்குத் தரலாம்ல?" என்றேன்.

"அடுத்த எஞ்சினு அதுலதான் சார் இருக்கு. தரமாட்டேன்." பிறகு, கொழுந்து நிறுத்த கணக்குச் சீட்டின் பின்பக்கம் எழுதி நீட்டினார். ஐந்து கேள்விகள். ஐந்துக்கும் விடை முதல் பாகத்தில். "வீட்டுக்குப் போயி பாத்து, கடுதாசி போடுங்க. எனக்கு இங்கிலீசு எழுத்து பாதிதான் ஓடும்."

திங்கள், காலை. பதுளையிலிருந்து திரும்பும் ரயில்.

இரண்டாம் பாகம் கிடைக்கவில்லை. முதல் பாகத்தின் மதிப்பும் பாதியாகிவிட்டது. கண்டியில் என்னைப் போலச் சேகரிப்பவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இதைக் கேட்டால் துக்கம் விசாரிக்க வருவார்கள். வீட்டுக்குப் போகும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் எல்ல நிலையம் வருவதற்குள் எதிரே இருந்தவரிடம் பழம் நறுக்கும் கத்தியை இரவல் கேட்டுவிட்டேன்.

பண்டாரவளையில் முதல் விடை. ஹப்புத்தளையில் இரண்டும் மூன்றும். நாலாவதைத் தேடும்போது, ஒரு வித்தகர் தன் வீட்டுச் சமையலறையிலேயே கொதிகலன் செய்து மனைவியிடம் திட்டு வாங்கிய கதை கிடைத்தது. சத்தமாகச் சிரித்தேன்.

"நல்ல புத்தகமா?" என்றார் கத்திக்காரர்.

"அபாரமான புத்தகங்க" என்றேன். இந்த முறை எதனால் என்றும் சொல்ல முடிந்தது. சொல்லிக்கொண்டே, அடுத்த மடிப்பை வெட்டினேன்.