பாலத்தின் பாதி வரைக்கும்

என் அக்காவின் கல்யாணத்துக்கு இரண்டு பிரதமர்கள் சம்மதம் கொடுத்திருந்தார்கள். அப்பா அப்படித்தான் சொல்லிக்கொள்வார். ஸ்ரீரங்கத்தில் ஹைஸ்கூல் சரித்திர வாத்தியார். ஐம்பதுகளின் நடுவில், இந்தியப் பிரதமரும் சீனப் பிரதமரும் கைகோத்து நின்ற படத்தைப் பேப்பரில் பார்த்துப் பூரித்துப் போயிருந்தார். அந்தப் பூரிப்பு ஆறுவதற்குள், திருச்சி பெரிய கடைவீதியில் பல் கட்டும் கடை வைத்திருந்த சீனாக்காரருக்கு அக்காவைக் கொடுத்தார். அம்மாவுக்குப் பல் கட்டப் போனதில் வந்த பழக்கம், கூடப் போய்வந்த அக்காவுக்கு ஆசையாக முற்றியிருந்தது.

"ரெண்டு தேசமே அண்ணன் தம்பி ஆயிடுச்சு, உங்களுக்கென்னய்யா?" என்று சொந்தக்காரர்களைக் கேட்டார் அப்பா.

பந்தியில் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்து, "அது சரி தம்பி, அண்ணன் தம்பின்னா பாகப்பிரிவினை வருமே?" என்றார். பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

மச்சான் கல்கத்தாவில் பிறந்தவர். சீனாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய அப்பா விட்டுப்போன காகிதங்களில்தான் அந்தத் தேசம் இருந்தது. தமிழை, துறையூரிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் பல்வலியோடு பஸ் ஏறி வந்த விவசாயிகளிடம், அவர்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே பேசியதைக் கேட்டுக் கற்றுக்கொண்டார். என்னை மாப்ளே என்பார். எனக்கு டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. மத்தியானச் சாப்பாடு அவர் கடையின் பின்கட்டில்.

அக்காவுக்கு மூன்று தடவை தங்கவில்லை. நான்காவது தங்கியது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று ஸ்ரீரங்கத்துக்கு அழைத்து வந்தோம். அறுபத்திரண்டு அக்டோபரில் பெண் பிறந்தது. அதே வாரம் இமயமலையில் சண்டை மூண்டது. சீனாக்காரர்கள் யாரும் தங்கள் ஊரை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு வந்தது. திருச்சி ஒரு முனிசிபாலிட்டி, ஸ்ரீரங்கம் வேறொரு முனிசிபாலிட்டி. பனிமலையில் கோடு எங்கே ஓடுகிறது என்று இரண்டு அரசுகளுக்கும் பிடிபடவில்லை. எங்களுக்குப் பிடிபட்டது. அது காவிரிப் பாலத்தின் மேல் ஓடியது. டவுன் பஸ் அதைத் தாண்டியது, பால்காரர் தாண்டினார், எருமை தாண்டியது. பிள்ளை பெற்றவளின் புருஷன் தாண்ட முடியவில்லை.

நான் தூதனானேன். காலையில் இந்தக் கரையின் சேதி அந்தக் கரைக்கு. சாயங்காலம் அந்தக் கரையின் சேதி இந்தக் கரைக்கு.

"மூக்கு யாரு மாதிரி மாப்ளே?"

"உங்க மாதிரிதான் மச்சான். மூக்கே இல்ல."

சிரித்தார். "கண்ணு?"

"தெறந்தாத்தானே தெரியும். எந்நேரமும் தூக்கம்."

"அது சீனாக் கண்ணு. தெறந்துதான் இருக்கும், நல்லாப் பாரு."

அவர் இப்படிச் சொன்ன மறுநாள் கடைமேல் கல் விழுந்தது. கண்ணாடிப் பெட்டி உடைந்து, கட்டி வைத்திருந்த பல்செட்டுகள் தெருவில் சிதறிக் கிடந்தன. யாரோ எவரோ வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கி, முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி. வாசலில் ஒரு போலீஸ்காரரைக் காவலுக்குப் போட்டார்கள். மச்சானைக் காப்பாற்றவா, மச்சானிடமிருந்து ஊரைக் காப்பாற்றவா என்று அந்த மனிதருக்கே விளங்கவில்லை.

அன்றைக்குத்தான் மச்சான் சிரிப்பை நிறுத்தினார். "ஒரு தடவ பாத்துட்டா போதும் மாப்ளே. கையில கூடக் குடுக்க வேணாம்" என்றார்.

குழந்தையையே அவரிடம் கொண்டுபோகலாம் என்றால், அம்மாவின் சட்டம் குறுக்கே நின்றது.

"பச்சப் புள்ள ஆத்தத் தாண்டக் கூடாதுடா. மாசம் திரும்பட்டும்."

"தாண்ட வேணாம்மா. பாலத்துல பாதி வரைக்கும்தான். அவரும் பாதி வரைக்கும் வருவாரு."

"போலீசு விடுமா?"

"கேட்டுட்டேன். விடிஞ்சும் விடியாம வந்துட்டுப் போகட்டும், நான் அந்தப் பக்கம் பாக்கலைங்கிறாரு."

அம்மா அரிவாள்மணையில் நறுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். ராஜதந்திரிகள் எங்கெங்கோ பெரிய மேஜைகளில் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. அம்மா ஒரு பூசணிக்கீற்றின் எதிரே யோசித்தாள். "பாதின்னா தாண்டுனதா ஆகாது" என்றாள் கடைசியில். "வேப்பிலை சொருகிக்கலாம். ஒரு இரும்புத்துண்டு இருக்கட்டும்."

அவ்வளவு சுலபமாக ஓர் எல்லை வளைந்து கொடுத்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. வளையாதவர் அப்பா. பள்ளிக்கூடத்தில் யுத்த நிதிக்கு உண்டியல் குலுக்கிவிட்டு வந்திருந்தார். வகுப்பில் யாரோ எழுந்து, "சார், உங்க மாப்பிள்ளை எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"சண்டை நிக்கட்டும்" என்றார். "அதுவரைக்கும் ஒருத்தரும் பாலத்துக்குப் போகக் கூடாது. நான் தெருவுல நடக்கணுமில்ல?"

உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "சண்டை எனக்கும் அவருக்குமாப்பா நடக்குது?"

அப்பா எழுந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

நவம்பரில் ஒருநாள் அதே ரேடியோ, சண்டை நின்றது என்று சொன்னது. சீனா தானாகவே நிறுத்திவிட்டதாம். அப்பா சட்டைகூடப் போடாமல் வாசலுக்கு ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது. "போடா, போய்ச் சொல்லு! நாளைக்கு வெள்ளன நானே புள்ளையத் தூக்கிட்டு வரேன்னு சொல்லு!"

பாலத்தில் சைக்கிளை அப்படி மிதித்ததில்லை. கடை பூட்டிக் கிடந்தது. பூட்டின்மேல் அரக்கு முத்திரை. போலீஸ்காரர் மட்டும் நின்றார்.

"காலையிலயே வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு தம்பி. வடக்க எங்கயோ கேம்ப்பாம்."

"சண்டைதான் நின்னுடுச்சேங்க?"

"அது அங்க, தம்பி."

ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு முகாம். அப்பா மனு மேல் மனுவாக எழுதினார். அவருடைய அழகான சரித்திர வாத்தியார் இங்கிலீஷ் போய்ப் போய் மணலில் விழுந்தது. மறுவருஷம் முகாமில் இருந்தவர்களை ஏற்றிப்போகச் சீனா கப்பல் அனுப்பியது, இந்தியா துறைமுகத்தைத் திறந்துவிட்டது. மலையில் ஒரு பாறைக்கு ஒத்துப்போகாத இரண்டு அரசுகள், இந்த மனிதர்களை ஏற்றி அனுப்புவதில் துளிப் பிசகில்லாமல் ஒத்துப்போயின. நாடுகளின் ஒத்துழைப்பு என்று இப்போதும் யாராவது மேடையில் பேசினால், எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். நான் கண்ணால் கண்ட ஒத்துழைப்பு அது ஒன்றுதான்.

சீனா போகச் சம்மதம் என்று மச்சான் தானாகக் கையெழுத்துப் போட்டாரா, முடிவில்லாத மணலைப் பார்த்துப் பார்த்துப் போட்டாரா, தெரியாது. மெட்ராஸில் கப்பல் ஏறுவதாக முகாமிலிருந்து அவர் எழுதிய கார்டு எங்களுக்குப் பிந்தித்தான் கிடைத்தது. மெட்ராஸ் ரயிலைப் பிடிக்க நேரம் இருந்தது. அக்காவுக்கு பாஸ்போர்ட் வாங்க நேரம் இல்லை.

துறைமுகத்தில் எங்களைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். கப்பல் கரையை விட்டு விலகத் தொடங்கியிருந்தது. மேல்தட்டு முழுக்க மனிதர்கள். அம்மா, "அந்தா, வெள்ளச் சட்டை" என்றாள். எல்லோரும் வெள்ளைச் சட்டைதான். அக்கா வேறு ஒருவரைக் காட்டினாள். நான் இன்னொருவரைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா குழந்தையை வாங்கி, இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கினார்.

"இன்னும் ஒசர, அப்பா" என்றாள் அக்கா. "இன்னும் ஒசர."

அப்பா வேலியின் அடிக்கட்டையில் ஏறி நின்று தூக்கினார். கப்பலில் ஒருவர் கையை உயர்த்தினார். உடனே பக்கத்தில் இருந்தவர், அவருக்கும் பக்கத்தில் இருந்தவர் என்று தட்டு முழுக்கக் கைகள் உயர்ந்தன. எல்லோரும் யாரையோ கரையில் விட்டுப்போயிருக்க வேண்டும். இந்தக் குழந்தையை அத்தனை பேரும் தங்கள் குழந்தையாகப் பார்த்தார்கள். அவர் பார்த்தாரா? கப்பல் திரும்பி முதுகைக் காட்டும் வரை அப்பாவின் கைகள் மேலேயே இருந்தன.

ரயிலில் அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள். "பாத்திருப்பாரா?"

பார்த்திருப்பார் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அப்பா பதில் சொல்லிவிட்டார்.

"நான் தூக்குனது பத்தலம்மா."