பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர்

முத்துக்கருப்பன் ஐயா காலமாகிவிட்டார் என்ற செய்தி போன வாரம் வார்டில் நிற்கும்போது வந்தது. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பாம்பு கடித்தால் மந்திரிக்க முதலில் அவர் வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். டொக்டரான எனக்கு அதில் தீராத எரிச்சல். ஆனாலும் செய்தி கேட்டதும் அழுதுவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் கொழுந்து பறித்த புஷ்பத்தை விரியன் கடித்தது. ஐயா மந்திரித்துக் கையில் கயிறு கட்டினார். ஈறில் இரத்தம் கசிவதைக் கண்டதும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி அவரும் கூடவே வந்தார். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு இக்கரையில். பாலத்தருகே லொறியை அவள் கணவன் சிவராஜ் நிறுத்திவிட்டான். தகவல் அறிந்து ஓடினேன்.

"மந்திரிச்ச ஒடம்பு ஆத்தத் தாண்டக்கூடாதுங்க. தாண்டினா செத்துருவா" என்றான் சிவராஜ்.

"தாண்டாட்டித்தான் சாவா!" என்று கத்தினேன். அவன் அசையவில்லை. புஷ்பம் இரத்த வாந்தி எடுத்தாள்.

ஐயா அவளுடைய கயிற்றை அவிழ்த்துத் தம் கையில் கட்டிக்கொண்டார்.

"மந்திரக் கட்ட நான் வாங்கிக்கிட்டேன். இனி தாண்டக்கூடாதது நான்தான். அவளக் கொண்டு போ."

"அவளுக்கு ஏதாச்சும் ஆனா?"

"என்னையக் கேளு."

லொறி நகர்ந்தது. மருந்து ஏற்றியும் சிறுநீர் நின்றுவிட்டது, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைப்பாளா என்று யாருக்கும் தெரியவில்லை. சிவராஜின் ஆட்கள் ஐயாவிடம் பதில் கேட்கப் பகலெல்லாம் அவர் வாசலில் காத்துக் கிடந்தார்கள். அந்த நாட்களில்தான் ஐயாவின் மகளுக்கு எங்கள் வார்டில் பிரசவம். பேத்தியைப் பார்க்கவும் அவர் வரவில்லை. அக்கரைக்கே போய்ச் சண்டை போட்டேன்.

"ராத்திரியில யாருக்குத் தெரியப்போகுது, வாங்க ஐயா."

"சனத்துக்குத் தெரியும், டொக்டரம்மா. நான் தாண்டிட்டா அடுத்த தடவ யாரையும் ஒங்ககிட்ட அனுப்ப மாட்டாங்க."

புஷ்பம் நடந்தே திரும்பி வந்த பிறகுதான் அவர் கயிற்றை அவிழ்த்தார். அதன்பின் வீட்டில் மந்திரிப்பதையே விட்டுவிட்டார். கடிபட்டவரை நேரே என்னிடம் அழைத்துவருவார். நான் ஊசி போட, அவர் தலைமாட்டில் நின்று மந்திரம் சொல்வார். சத்தம் அதிகமானால் அதட்டுவேன். சிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்துவார்.

நேற்று முன்தினம் பாம்பு கடித்த ஒருவரைத் தூக்கி வந்தார்கள். "ஐயா இல்லாம ஊசி வேணாங்க" என்று அவர் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கடிபட்டவருக்கு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

"நான் இல்லாட்டியும் ஊசி போடுங்கன்னு ஐயா எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க" என்றேன். கையை விட்டார்.

ஐயா, நீங்கள் அப்படி எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. உங்களைக் கேட்காமலே உங்கள் பெயரை எடுத்துக்கொண்டேன். இன்று காலை அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நீங்கள் போய் வாருங்கள்.