கரட் அடைத்து மரை வெட்டிய கதை

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கான தண்ணீர்த் தாங்கியின் குழாய் நுனியில் திருகு மரை தேய்ந்து, தண்ணீர் திறக்கும் டெப் நிற்காமல் கழன்று விழுந்துகொண்டிருந்தது. புதிதாக மரை வெட்ட லேத் பட்டறைக்கு அட்டன் டவுன் வரை போகவேண்டும்.

"மரை வெட்டுற டை இருக்கு மச்சான், கையாலயே வெட்டிருவோம்" என்றான் என் மச்சான் சிவா.

இன்று ஞாயிறு காலை வேலையில் இறங்கினோம். தாங்கி நிறையத் தண்ணீர். அது வழியாமலிருக்க, குழாய் வாயில் கறிக்கு வைத்திருந்த ஒரு கரட் கிழங்கை அடித்து இறுக்கி, வெளியே நீட்டியதை நறுக்கிவிட்டோம்.

டையைக் கோணாமல் பொருத்தி, மனைவியின் தேங்காயெண்ணெயைத் தாராளமாக விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல மரை விழுந்தது.

பிறகு டையைக் கழற்றப் பின்பக்கமாகத் திருகினோம். டை அசையவில்லை. தாங்கியில் பூட்டியிருந்த குழாயின் மறுமுனைதான் கழன்று வந்தது. குழாயோடு நாங்களும் சேற்றில் விழுந்தோம். தாங்கித் தண்ணீர் எங்கள் மேல் கொட்டியது.

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் லயமே தண்ணீர் பிடிக்கக் குடமும் வாளியுமாக ஓடிவந்தது.

பக்கத்து வீட்டு ராணியக்கா நிரம்பிய குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டார்: "இந்தத் தாங்கியில இவ்வளவு வேகமா தண்ணி வந்ததே இல்லைங்க. அடுத்த ஞாயித்துக்கெழமையும் மரை வெட்டுவீங்களா?"

டை இன்னும் குழாயில்தான் இருக்கிறது, கரட்டும்தான். கழற்ற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எண்ணெய் மட்டும் கேட்காதீர்கள், மனைவி போத்தலை ஒளித்துவிட்டாள்.